போ என்று யாரும் சொல்லவில்லை

"இனிக் காரை உம்மட வீட்டு வாசல்ல விடவேண்டாம் தங்கச்சி. பாடம் முடிய இஞ்ச கொண்டந்து விட்டிட்டு, திறப்பைத் தந்திட்டுப் போம்."

முதலாளி இப்படிச் சொன்ன அன்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காப்புறுதிக்காரர் ஏதோ கேட்கிறார்கள் என்றார். இருக்கலாம் என்று நினைத்தேன். திறப்பை மேசையில் வைத்துவிட்டு, நவம்பர் மாதக் குளிரில் பார்க்-எக்ஸ்டென்ஷன் தெருக்கள் வழியே நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அப்போது நான் பெண்களுக்குக் கார் ஓடப் பழக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகள். ஓட்டுநர் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும் என்ற சட்டம் அந்த நாட்களில் கியூபெக் மாகாணத்தில் இருக்கவில்லை. சோதனையில் தேறினால் லைசென்ஸ் கிடைத்துவிடும். ஆனாலும் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். கணவனிடம் பழகப் போய், முதல் சிவப்பு விளக்கிலேயே சண்டை பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள்தான் அவர்களில் பாதிப்பேர்.

பள்ளி என்பது பெரிய பெயர். டெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைக் கடை ஒன்றுக்குப் பின்னால் ஓர் அறை, சுவரில் வீதிக் குறியீடுகளின் படங்கள், ஒரு மேசை, சில கதிரைகள், வெளியே இரண்டு கார்கள். முதலாளியும் யாழ்ப்பாணத்தவர்தான். எங்களுக்குப் பத்து வருடம் முந்தி வந்தவர். நாங்கள் வந்திறங்கிய குளிர்காலத்தில் எங்களுக்கு வீடு பார்த்துத் தந்தவரும் அவரே. பிள்ளைகளுக்குக் குளிருடுப்புகளைக் கறுப்புப் பையில் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து நின்ற அவருடைய முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்குக் கார் ஓடப் பழக்கியவரும் அவர்தான்.

வேலை கிடைத்தது மாதா கோயிலில். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"பொம்பிளையள் பொம்பிளையிட்டத்தான் பழகுவம் எண்டு நிக்கினம். நீர் நல்லா ஓடுறீர். வாருமன்."

என் கணவர் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை என்றால் கடிதம் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். "எழுதி ஏதும் தருவீங்களே அண்ணை?" என்று கேட்டார்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "எங்களுக்குள்ள என்ன எழுத்து?"

அந்த 'எங்களுக்குள்ள' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஊரும் உறவும் இல்லாத நகரத்தில் ஒருவர் நம்மைத் தன் ஆள் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

வேலையும் பிடித்திருந்தது. முதல் பாடம், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்பக்க வெளியில். அடுத்தது வில்லரேயின் ஒருவழித் தெருக்கள். அதற்குப் பிறகு ஜான்-டலோன் சந்தையைச் சுற்றி. லொறிக்காரர் நடுத்தெருவில் நிறுத்தி மரக்கறி இறக்குவார்கள். கிழவிகள் தள்ளுவண்டியோடு எந்தப் பக்கத்தாலும் குறுக்கே வருவார்கள். அங்கே ஓடியவளுக்கு வேறெங்கும் பயமில்லை. கடைசியாக நாற்பதாம் நெடுஞ்சாலை. மன்னாரிலிருந்து வந்த ஒருத்தி அதில் ஏறும்போது மாதா பாட்டுப் பாடுவாள். வேகம் கூடக் கூடப் பாட்டின் சத்தமும் கூடும். நான் பக்கத்து இருக்கையில், என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

கார் போன பிறகு போனது என் தொலைபேசி எண். காரின் கூரைப் பலகையில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று பள்ளிக் கந்தோருடையது, மற்றது என்னுடையது. ஒரு காலை வந்து பார்க்கிறேன், என் எண்ணின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நன்றாகவே ஒட்டியிருந்தார்கள்.

"எல்லா அழைப்பும் ஒரு இடத்துக்கு வந்தால் குழப்பம் இல்லைத்தானே" என்றார் முதலாளி. அதற்கும் தலையாட்டினேன்.

மார்கழி பிறந்ததும் அவருடைய மனைவியின் தம்பி ரொறன்ரோவிலிருந்து வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த, அமைதியான மனிதர். "இவருக்கும் கொஞ்சம் காட்டிக்குடும். உமக்கும் உதவியாயிருக்கும்" என்றார் முதலாளி. காட்டிக்கொடுத்தேன். பின் இருக்கையில் அவரை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தேன். பெண்கள் பதறும்போது எப்படிக் குரலைத் தாழ்த்துவது, பிரேக்கை எப்போது மிதிப்பது, எப்போது மிதிக்காமல் விடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

அதன் பிறகு என் சனிக்கிழமைகள் அவரிடம் போயின. பிறகு மாலை நேரங்கள். புதுவருடம் கழிந்த பிறகு, "நாளைக்கு ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி. பேந்து எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார் முதலாளி. அந்தப் பிறகு வரவேயில்லை.

வேலை போய்விட்டது என்று தெரிந்தால் மனிதர் அழுவார்கள், திட்டுவார்கள், வேறு வேலை தேடுவார்கள். எனக்கு அது போய்விட்டதா என்பதே தெரியவில்லை. காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வெளியே போகிறவள் போல உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். அடுப்பைத் தேய்ப்பேன். தேய்த்ததையே திரும்பவும் தேய்ப்பேன். குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தத்தில் தொலைபேசி அடிப்பது கேட்காமல் போய்விடுமோ என்று பாதியில் குழாயை மூடிவிட்டுக் காதுகொடுப்பேன். மனம் பொறுக்காவிட்டால் சந்தைவரை நடந்துபோய் ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். பஸ்ஸில் இருக்கும்போது முன்னால் யாராவது குறுக்கே வந்தால் என் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"அம்மா, நீங்கள் ஏன் அங்கையும் இங்கையும் நடக்கிறீங்கள்?" என்று மகள் கேட்டாள். பிறகு பிரெஞ்சில் தன் தம்பிக்கு ஏதோ சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "வின்ரர்தானே. ஆர் இப்ப கார் பழக வருவினம்?" என்றார்.

"அப்ப மற்றக் கார் ஏன் ஒவ்வொரு நாளும் ஓடுது?"

"இஞ்ச பாரும், அந்த மனிசன் எங்களுக்குச் செய்ததை மறக்கேலாது. உள்ளதையும் இல்லாததையும் யோசிக்காதையும்."

நான் உள்ளதைத்தான் யோசிக்கிறேனா, இல்லாததையா? அதுதான் என்னை அரித்தது. ஒரு நாள் நிச்சயம் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்கள் என்று இருக்கும். அடுத்த நாள், சீ, எவ்வளவு கெட்ட மனது எனக்கு என்று இருக்கும். அவருடைய மனைவி கோயிலில் என்னைக் கண்டு சிரித்தால் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

முடிச்சு அவிழ்ந்ததும் அதே கோயில் மண்டபத்தில்தான். பாட்டுப் பாடிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறும் அந்த மன்னார்ப் பெண் கையில் தேத்தண்ணியோடு ஓடிவந்தாள்.

"அக்கா, இப்ப கால் எப்பிடி இருக்கு?"

"எந்தக் கால்?"

"உங்களுக்குக் கால் ஏலாதாம், அதால நீங்களே வேலையை விட்டிட்டீங்களாம் எண்டு அண்ணை சொன்னவர். நான் உங்களுக்காண்டி மெழுகுதிரி கொளுத்தினனான்."

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மண்டபத்தின் மற்ற மூலையில் முதலாளி யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கவனமாக இருந்தார். அங்கேயே போய்க் கேட்டிருக்கலாம். பாதிரியார் பக்கத்தில் நின்றார், பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை, தொழிலாளர் விதிகளைக் கவனிக்கிற அரசாங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று முன்பு பிரெஞ்சு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒரு பெண் எடுத்தாள். என் பிரெஞ்சைக் கேட்டதும் தானும் மெதுவாகப் பேசத் தொடங்கினாள். என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொன்னேன், குற்றம் செய்தவள் போல.

"வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான், மடாம். அது பிரச்சினையில்லை" என்றாள். "அவர் உங்களை வேலையிலிருந்து நீக்கினாரா?"

"தெரியாது."

"நீங்களாக விலகினீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் அவர் என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

விசைப்பலகையில் எதையோ தட்டினாள். பிறகு, "மடாம், நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா இல்லையா என்பதை முதலில் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்குத் திரும்ப எடுங்கள்" என்றாள்.

வைத்த கையோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலாளி தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாரும் தங்கச்சி, இரும், வெளியில சரியான குளிர்" என்றார்.

நான் இருக்கவில்லை. "அண்ணை, எனக்குக் கால் ஏலாது எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"நீர்தானே ஒருக்காச் சொன்னனீர், முழங்கால் நோகுது எண்டு."

"அது போன வருசம். நான் வேலையை விட்டனானே?"

"ஆர் சொன்னது? நான் உம்மை வேலையை விட்டு நிக்கச் சொன்னனானே?"

"இல்லை."

"பேந்தென்ன?"

"அப்ப நாளைக்கு எனக்கு ஆரைத் தாறீங்கள்?"

அவர் பதில் சொல்லுமுன் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு பெண்குரல் எனக்கும் கேட்டது. "ஓம் பிள்ளை… ஓம், நாளைக்குக் காலமை சரி… இல்லை, தம்பி வருவார்" என்று சொல்லிவிட்டு வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பேனையின் மூடியைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார்.

"அண்ணை, வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"என்ன கதை இது. பாப்பம் தங்கச்சி. பாப்பம்."

"சரி. அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வாறன்."

வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் வந்துவிட்டது. மறுநாள் காலை சாப்பாட்டுப் பெட்டியும் கட்டிக்கொண்டு போனேன். அறையில் ஜன்னலோரக் கதிரையில் இருந்தேன். அதற்கடுத்த நாளும் போனேன். கணவருக்குக் கோபம். "ஏனப்பா மானத்தை வாங்குறீர்?" என்றார். என்னை யாரும் நிற்பாட்டவில்லை, வேலைக்குப் போகிறேன் என்றேன். 

அந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே மிக நீண்டவை. எனக்குச் சும்மா இருக்க வராது. குறியீட்டுப் படங்களைக் கழற்றித் தூசி துடைத்து மாட்டினேன். வாசலில் உருகிய பனியைக் கூட்டினேன். கதிரைகளை நேராக்கினேன், யாராவது வந்து இருந்துவிட்டுப் போனால் மறுபடி நேராக்கினேன். முதலாளி உள்ளே வருவார், என்னைக் காண்பார், ஏதோ மறந்ததுபோல வெளியே போவார். பழக வந்த பெண்கள் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "இண்டைக்கு நீங்களோ அக்கா?" என்பார்கள். "இல்லை, தம்பி" என்பேன். அவர்கள் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள்.

அந்தத் தம்பிதான் முதலில் வாய் திறந்தவர். ஒரு மத்தியானம் பாடம் முடித்து வந்தவர் குளிருடுப்பைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அக்கா, நான் உங்கட இடத்தைப் பிடிக்க வரேல்லை."

"தெரியும்."

"நாற்பதில ஏறேக்க எனக்கே பயமாக் கிடக்கு. அந்தப் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது? அத்தானிட்டச் சொல்லவும் ஏலாது. அவற்ற வீட்டிலதானே இருக்கிறன்."

அவருக்கும் யாரும் ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அவர்மேல் வைத்திருந்த எரிச்சலை என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஏறுமுன்னம் கண்ணாடியைப் பாருங்கோ, ஏறினாப் பிறகு திரும்பிப் பாக்காதேங்கோ. பாதி வேகத்தில ஏறினால்தான் ஆபத்து" என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் பனி கொட்டியது. பாடங்கள் எல்லாம் நின்றுபோயின. வெளியே பனி அள்ளும் வண்டிகள் சைரன் அடித்துக்கொண்டு தெருவிலிருந்த கார்களை விரட்டின. முதலாளி மைத்துனரைக் காரை மாற்றிவிட அனுப்பினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் இருந்தார். முகம் வீங்கினாற்போல் இருந்தது.

"தங்கச்சி, எனக்கு இது பெரிய கரைச்சலாக் கிடக்கு."

"எது அண்ணை?"

"நீர் இப்பிடி வந்து இருக்கிறது."

"நான் வேலைக்கு வந்திருக்கிறன்."

வண்டிகளின் சத்தம் நெருங்கி வந்து, கடந்து போயிற்று.

"வேலை இல்லைத் தங்கச்சி" என்றார். "இனி வரவேண்டாம்."

சொல்லிவிட்டார். இரண்டே வாக்கியம். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ஏன் எண்டு சொல்லுங்கோ."

"மனிசியின்ர தம்பிக்கு ஒரு வழி காட்டோணும். மற்றது… சில புருசன்மாரும் வந்து கதைச்சவை. நீர் பொம்பிளையளைக் கெதியில தனிய நெடுஞ்சாலையில ஏத்திவிடுறீராம். ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் பாலம் கடந்து தன்ர தங்கச்சி வீட்டை போயிட்டாளாம். மற்றது, நீர் அஞ்சாறு பாடத்தில போதும் சோதனைக்குப் போ எண்டு அனுப்பிவிடுறீர். பள்ளிக்கூடம் நடத்த வேண்டாமே?"

"இதில எது அண்ணை?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லாம்தான்" என்றார்.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பசித்தது. வாரக்கணக்காகச் சரியாகச் சாப்பிடாத பசி, அப்படியே எழும்பி வந்தது. பெட்டியைத் திறந்து, மடியில் வைத்து, கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் சாப்பிடத் தொடங்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப்போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.  கடைசி வாய்வரை சாப்பிட்டு முடித்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழும்பினேன்.

"வாறன் அண்ணை" என்றேன். பழக்கத்தில் வந்த சொல்தான். அவரும் பழக்கத்தில், "ஓம், போட்டு வாரும்" என்றார்.

அந்த அலுவலகத்துப் பெண்ணுக்குத் திரும்ப எடுத்தேன். "என்னை நீக்கிவிட்டார்" என்று சொன்னபோது என் குரலில் ஏதோ வெற்றி இருந்திருக்கவேண்டும். அவள் சிறிது தயங்கி, பிறகு முறைப்பாடு எப்படிச் செய்வது என்று பொறுமையாக விளக்கினாள். நான் கடைசிவரை முறைப்பாடு செய்யவில்லை. துணிவில்லாததாலா, நன்றியாலா, அடுத்த ஞாயிறு அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் முழங்காலிட வேண்டுமே என்பதாலா, என்னால் இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. செய்திருக்கவேண்டும் என்று மகள் இப்போது சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

வசந்தம் வந்ததும், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழகுவதற்கும் சோதனைகளுக்கும் கோடை முழுவதும் போயிற்று. செப்டெம்பரில் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருக்களில் மஞ்சள் பஸ் ஒன்றை ஓடத் தொடங்கினேன். இந்த முறை கையெழுத்து வைத்த ஒப்பந்தம் இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது, எதற்கும் ஒரு விதி இருந்தது.

அப்படியிருந்தும் எனக்குள் அது அடங்க நெடுநாள் எடுத்தது. மேற்பார்வையாளர் பஸ்ஸின் வானொலித் தொடர்பில் என் பஸ் இலக்கத்தைச் சொன்னால், அவர் சொல்லி முடிக்குமுன்னே மன்னிப்புக் கேட்பேன். வேறொரு பாதையைக் கொஞ்ச நாளைக்கு மாற்றித் தந்தால், ஏன் என்னை மாற்றுகிறார்கள் என்று வீடுவரை யோசிப்பேன். காலை ஓட்டம் முடிந்து மற்றவர்கள் ஓய்வறையில் இருக்கும்போது நான் என் பஸ்ஸைக் கூட்டுவேன், பிறகு பக்கத்து பஸ்ஸையும் கூட்டுவேன்.

அங்கே ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிட மூத்தவள், பெரிய உருவம், பல வருடங்களாக ஓடுகிறவள். ஒரு நாள் அவளுடைய பஸ்ஸுக்குள் விளக்குமாறோடு நின்ற என்னைப் பிடித்துவிட்டாள்.

"மடாம், இது யாருடைய பஸ்?"

"உங்களுடையது."

"அப்படியானால் இறங்குங்கள்" என்றாள். கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிச் சாத்தி வைத்துவிட்டு, ஓய்வறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இயந்திரத்தில் ஒரு கோப்பி எடுத்துத் தந்தாள். "இருங்கள். இங்கே உங்களை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை."

இருந்தேன். அந்தக் கோப்பி ஆறுவதற்குள் இரண்டு தடவை எழும்பிவிட்டேன். இரண்டு தடவையும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.